படகு வேண்டாம், நடந்தே போவோம்: உட்டா பாலைவனத்தின் ரெயின்போ பிரிட்ஜ்

[திரையில்: செம்பாறை முகடுகள், அவற்றுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு மலை. வரைகலை அசைபடம்.]

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீடியோவில் மேலிருந்து பார்ப்பது போல வரும் காட்சிகள் எல்லாமே வரைகலை. நாம் போகப்போகும் இடத்தில் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. ஒருமுறை அந்த இடத்தின் அமைதியைப் பற்றிக் கேள்விப்பட்டால், அந்தத் தடை சரிதான் என்று நீங்களே சொல்வீர்கள்.

இடம், அமெரிக்காவின் உட்டா மாநிலத்துத் தென்கோடி, அரிசோனா எல்லைக்குப் பக்கம். அங்கே ரெயின்போ பிரிட்ஜ் என்றொரு இயற்கைப் பாறை வளைவு நிற்கிறது. அடியிலிருந்து உச்சி வரை 88 மீட்டர், ஏறக்குறைய 28 மாடிக் கட்டடத்தின் உயரம். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு 84 மீட்டர். உச்சியில் பாறையின் கனம் மட்டுமே 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். மேலே ஒரு இருவழிச் சாலையே போடலாம். நல்லவேளை, யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

[திரையில்: வரைபடம். நீலக் கோடு ஏரி வழி, சிவப்புக் கோடுகள் இரண்டு நடைவழிகள்.]

இதைப் பார்க்க இரண்டு விதமாகப் போகலாம். லேக் பவல் என்ற நீர்த்தேக்கத்தில் 80 கிலோமீட்டர் படகில் வந்து, துறையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடப்பது ஒன்று. வருகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் வருகிறார்கள். இன்னொன்று, நவஹோ மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தே வருவது. தெற்கு வழியில் சுமார் 20 கிலோமீட்டர், வடக்கு வழியில் சுமார் 27. இது போக மட்டும். வந்த தூரத்தைத் திரும்பவும் நடக்க வேண்டும்.

நான் நடைக் கட்சி. அதற்குக் காரணம் சாகசம் இல்லை. இந்த வளைவைச் செதுக்கியது அந்த மலையிலிருந்து இறங்கி வந்த தண்ணீர். நடந்து வருபவரும் மலைப் பக்கமிருந்துதான் இறங்குகிறார். தண்ணீர் அறுத்த பள்ளம் ஒவ்வொன்றையும் காலால் அளந்துகொண்டு வருகிறார். படகில் வருபவருக்கு முடிவு மட்டும்தான் கண்ணில் படும்.

சரி, அந்தத் தண்ணீர் என்ன செய்தது என்று பார்ப்போம்.

[திரையில்: நகரும் மணல் மேடுகள், அவை மெல்ல இறுகிப் பாறையாவது.]

ஜுராசிக் காலத்தில், சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதி முழுக்க மணற்கடல். காற்று குவித்த மணல் மேடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புதைந்து இறுகி மணற்பாறையாயின. புவியியலில் இதற்கு நவஹோ மணற்பாறை என்று பெயர். பாறை முகத்தில் சாய்ந்து சாய்ந்து ஓடும் மெல்லிய கோடுகளைப் பார்த்தால், அந்தக் காலத்துக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். இதற்கு அடியில் இருப்பது கயென்ட்டா அடுக்கு. பழைய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறும் இறுகியது. மேலே இருப்பதைவிட உறுதியானது. பாலத்துக்குப் பக்கத்தில் இந்த அடுக்கில் மூன்று விரல் டைனோசர் தடம் ஒன்றும் பதிந்திருக்கிறது.

[திரையில்: வளைந்து ஓடும் ஓடை. நடுவே மெல்லிய பாறைச் சுவர்.]

பிரிட்ஜ் ஓடை மலையிலிருந்து கொலராடோ ஆற்றை நோக்கி இறங்கும்போது, இந்த இடத்தில் ஒரு பாறைச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனது. சுவரின் இரண்டு பக்கமும் ஒரே ஓடைதான். வெள்ளம் வரும்போதெல்லாம் மணலும் கூழாங்கல்லும் சுவரின் அடியை இரண்டு பக்கமும் அரைத்தன. ஆழமாக அறுத்துக்கொண்டே போன ஓடைக்கு கயென்ட்டா அடுக்கு வந்ததும் கீழே இறங்குவது கடினமானது. அதனால் பக்கவாட்டில் தின்றது. ஒரு நாள் சுவர் பொத்துக்கொண்டது. ஓடைக்குக் குறுக்கு வழி கிடைத்தது, சுற்று வழியைக் கைவிட்டுவிட்டது.

இதோடு பாலம் உருவாகிவிடவில்லை. இப்போதைக்கு அது ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அதை வளைவாக்கியது பாறையின் குணம். மணற்பாறையை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஓட்டையின் கூரையில் இழுவிசை விழும் இடமெல்லாம் விரிசல் விட்டுப் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. எடை முழுவதும் இரண்டு காலுக்கும் அமுக்கமாக இறங்கும் ஒரு வடிவம் வந்த பிறகுதான் உதிர்வது குறைந்தது. பொறியாளர் கணக்குப் போட்டுக் கட்டும் வளைவும் இதே வடிவத்துக்குத்தான் வந்து சேரும். ஆனால் இங்கே உதிர்வது இன்னும் முழுதாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

[திரையில்: மண் சாலை, தூசி, மேடு ஏறும் ஒரு ஜீப்.]

அப்புறம், கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது. பாலம் நிற்கும் சிறு நிலம் மட்டும்தான் அரசு பாதுகாக்கும் தேசிய நினைவிடம், வெறும் 160 ஏக்கர். நடைவழி முழுக்க நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களுடைய பூங்காத் துறையிடம் கட்டணம் கட்டி அனுமதி வாங்காமல் காலடி வைக்கக் கூடாது. இதை ஏதோ சம்பிரதாயச் சீட்டு என்று நினைக்காதீர்கள்; இன்னொருவர் வீட்டுக்குள் போகிறோம். மது அங்கே சட்டப்படி தடை. நவஹோ மலை அவர்களுக்குப் புனிதமானது, அதனால் வழி மலையைச் சுற்றித்தான் போகிறது, மேலே ஏறுவதில்லை.

ஒரு சின்னக் குழப்பம் உண்டு. அரிசோனா கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை. நவஹோ நிலமும் உட்டாவும் தள்ளும். பேஜ் என்ற அரிசோனா ஊரில் தூங்கி எழுந்து நவஹோ நிலத்துக்குள் வண்டியை விட்டால் ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கும். வெயிலுக்கு முன் கிளம்ப நினைப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

தெற்கு வழி தொடங்கும் இடத்தில் சில கல் சுவர்கள் நிற்கின்றன. ரெயின்போ லாட்ஜ் என்று 1924-இல் கட்டிய விடுதியின் மிச்சம் அது. கோவேறு கழுதைகளில் ஆட்களை ஏற்றிப் பாலத்துக்கு அழைத்துப் போவார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்று தோற்ற பேரி கோல்ட்வாட்டர் இதன் பங்குதாரர்களில் ஒருவர். 1951-இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அதற்குப் பிறகு வழியைப் பெரிதாகப் பராமரிக்க ஆளில்லை. பல இடங்களில் யாரோ அடுக்கி வைத்த சிறு கற்குவியல்தான் வழிகாட்டி.

[திரையில்: காலணியின் ஓரத்தில் கறுத்த, முடிச்சு முடிச்சான மண். மிக நெருக்கமாக.]

இந்த மண்ணைப் பாருங்கள். அடிப்பிடித்த சோற்றின் காந்தல் போலக் கறுப்பாக, மொறுமொறுவென்று இருக்கிறதே, இது உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் நூல் நூலாகப் பின்னி மணல் துகள்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. பாசியும் பூஞ்சையும் கூடவே குடியிருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல், மழைநீர் ஓடிவிடாமல் பாலைவனத்தைக் கட்டிக்காப்பது இந்த மேல்தோல்தான். ஒரு மிதி போதும், நொறுங்கிவிடும். திரும்ப வளர ஆண்டுக்கணக்காகும், பல இடங்களில் பத்தாண்டுக் கணக்கில். அதனால் வழியை விட்டு விலகாதீர்கள். விலகியே ஆக வேண்டுமென்றால் வெறும் பாறைமேல் அல்லது ஓடைப் படுகையில் நடங்கள்.

முதல் சில கிலோமீட்டர் மலையின் இடுப்பைச் சுற்றி, பள்ளம் இறங்கி மேடு ஏறி, பள்ளம் இறங்கி மேடு ஏறி என்றே போகும். சலிப்பான பகுதிதான். அப்புறம் ஒரு கணவாய் வரும். அங்கே நின்றால் தரை கீழே விழுந்துவிட்டது போல இருக்கும். கிளிஃப் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்குள் ஏறக்குறைய 500 மீட்டர் இறக்கம். சரளைக் கல், உருளும் கல், முழங்காலுக்கு நல்ல வேலை. நிழல் கிடையாது.

தண்ணீர் விஷயம் இங்கேதான் முக்கியமாகிறது. இறங்கி முடிக்கும் வரை நம்பக்கூடிய தண்ணீர் இல்லை. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் ஓடை வரும். அதையும் வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வசந்தமும் இலையுதிர் காலமும் நடக்க ஏற்றவை. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். அதைவிடப் பயப்பட வேண்டியது ஜூலை முதல் செப்டம்பர் வரையான மழை. தலைக்கு மேல் வானம் சுத்தமாக இருக்கும்போதே, மலையில் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் சுவர் போல வரும். பாலத்தைச் செதுக்கியதும் இதே வெள்ளம்தான், மறந்துவிடாதீர்கள். ஓடைப் படுகையில் கூடாரம் போடவே போடாதீர்கள்.

[திரையில்: இரண்டு உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய சந்து.]

அடுத்தது ரெட்பட் கணவாய். பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. 1922-இல் சார்லஸ் பெர்ன்ஹெய்மர் என்ற நியூயார்க் வணிகரின் பயணக் குழு, சுமை விலங்குகள் நுழைய முடியாமல் இங்கே மாட்டிக்கொண்டு, வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்த்து வழி செய்தது. இன்று அப்படிச் செய்தால் சிறைக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் நாம் நடப்பது அந்த வழியில்தான்.

இந்தக் குழுவுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஜான் வெதரில், நவஹோ நிலத்தில் கடை வைத்திருந்த வணிகர். பாலத்தின் கதையில் அவர் பெயர் இந்தப் பயணத்துக்கும் முன்பே, 1909-இலேயே வந்துவிட்டது. அவருடைய மனைவி லூயிசா நவஹோ மொழியில் சரளமாகப் பேசுவார். இப்படி ஒரு பாறை இருக்கிறது என்று அந்த மக்கள் சொல்லக் கேட்டு வெளியாட்களுக்குச் சொன்னவர் அவர்தான். 1909 ஆகஸ்டில் பேராசிரியர் பைரன் கம்மிங்ஸும், அரசு நில அளவையாளர் வில்லியம் பூன் டக்ளஸும் ஒருவரையொருவர் முந்தும் ஆசையோடு ஒரே கூட்டமாகக் கிளம்பினார்கள். வழி தெரிந்தவர்கள் பையூட் இனத்தைச் சேர்ந்த நஸ்ஜா பெகாயும் ஜிம் மைக்கும். ஆகஸ்ட் 14-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். யார் முதலில் பார்த்தது என்று கம்மிங்ஸும் டக்ளஸும் அதற்குப் பிறகும் விடாமல் சண்டை போட்டார்கள். அழைத்துப் போன இருவருக்கும் எப்போதோ தெரிந்த இடம் அது. அதைத்தான் இவர்கள் கண்டுபிடிப்பு என்றார்கள். அடுத்த ஆண்டு, 1910 மே 30 அன்று, அதிபர் டாஃப்ட் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

[திரையில்: கிளென் கேன்யன் அணை. பாறைச் சுவரில் ஏரி விட்டுப்போன வெள்ளைக் கறை.]

ஏரி எங்கிருந்து வந்தது? கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணை 1963-இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கியது. அணைத் திட்டத்துக்கு வழிசெய்த 1956 சட்டத்திலேயே, எந்தத் தேசிய நினைவிடத்துக்குள்ளும் நீர்த்தேக்கம் நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது. பாலத்தைக் காக்கத் தடுப்பு கட்ட வேண்டிய பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்கவில்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன, 1973-இல் மேல்முறையீட்டில் தோற்றன. தங்கள் வழிபாட்டிடம் மூழ்குகிறது என்று நவஹோக்கள் தனியாக வழக்குப் போட்டார்கள், அவர்களும் தோற்றார்கள். 1980-இல் ஏரி நிரம்பியபோது வளைவுக்கு அடியிலேயே தண்ணீர் நின்றது. பிறகு வறட்சி வந்து ஏரி இறங்கியது. 2023 தொடக்கத்தில் நிரம்பிய காலம் முதல் இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. சட்டம் செய்யாததை வறட்சி செய்தது என்று சொன்னால் கசப்பாகத்தான் இருக்கிறது.

[திரையில்: பாறைக் குடைவு. துருப்பிடித்த இரும்புக் கட்டில் சட்டங்கள்.]

நினைவிடத்துக்குள் இரவு தங்கக் கூடாது. கொஞ்சம் மேலே, எக்கோ கேம்ப் என்ற பாறைக் குடைவில் தங்கலாம். பக்கத்திலேயே ஊற்று. லாட்ஜ் காலத்துக் கட்டில் சட்டங்கள் இன்னும் துருவேறிக் கிடக்கின்றன. இரவு வானத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2018-இல் இதைச் சர்வதேச இருள்வானச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

பாலத்துக்குப் போனதும் ஒரு வேண்டுகோள் காத்திருக்கும்: வளைவுக்கு அடியில் நடக்காதீர்கள். நவஹோ, ஹோப்பி, பையூட், யூட் மக்கள் இதைப் புனிதமாகக் கருதுகிறார்கள். 1913-இல் வந்த முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டே, தன்னோடு வந்த நவஹோ அடியில் புகாமல் சுற்றிக்கொண்டு போனதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அதனால் இது புதிதாக முளைத்த விதி இல்லை. பார்ப்பதற்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கிருந்து வளைவு முழுசாகத் தெரியும். அடியில் போய் நின்றால் அண்ணாந்து பாறை மட்டும்தான் பார்க்கலாம். பாறையில் பெயர் கீறுவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, இவ்வளவு தூரம் நடந்து வருபவர் அதைச் செய்யமாட்டார்.

திரும்பும் நாளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. இறங்கும்போது முழங்காலைப் பதம்பார்த்த அந்த 500 மீட்டர், இப்போது ஏற்றம். அதன் கீழேதான் கடைசித் தண்ணீர். முந்தின நாள் மாலையே கிளிஃப் கேன்யன் வரை வந்து தங்கி, எல்லாப் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு, விடிவதற்கு முன் தலைவிளக்கோடு ஏறத் தொடங்குங்கள். வெயில் சரிவில் விழும்போது கணவாயில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடலாம்.