கணக்குப் பார்த்த கண் கல்வெட்டையும் படிக்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கமுங்க.

"தொழிலை மகன்கிட்டக் கொடுத்துவிட்டு 60 வயதில் ஆராய்ச்சிக்குப் போவது வீண்" என்று எதிரணி நண்பர் முழங்கினார். சாட்சிக்கு ஷ்லீமனைக் கூப்பிட்டார். வாஸ்தவம்தானுங்க. வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த அந்த ஜெர்மானியர், கிரேக்கக் காவியத்தில் வரும் ட்ராய் நகரைத் தேடி 1871-இல் இன்றைய துருக்கியிலுள்ள ஹிசார்லிக் மேட்டைத் தோண்டினார். அவசரத்தில் மேலடுக்குகளைச் சிதைத்தார். ஆனால் லண்டன் வங்கியாளர் ஜார்ஜ் குரோட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1843-இல் வங்கியைவிட்டு விலகியவர், 1846 முதல் 1856 வரை கிரேக்க வரலாற்றை 12 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். ஒருவருடைய அவசரத்தை வியாபாரிகள் எல்லார் தலையிலும் கட்டலாமா?

அவ்வளவு தூரம் போவானேன்? ஈரோட்டுப் பக்கம் அறச்சலூருக்கு வாங்க. நாகமலைக் குகையில் தாள எழுத்துகள் வரிவரியாக வெட்டியிருக்கின்றன. அமைத்தவர் பெயரும் அங்கேயே இருக்கிறது: தேவன் சாத்தன். மணிகளைச் சோதித்துத் தரம் சொல்லும் வண்ணக்கர் அவர். 1500 ஆண்டுகளுக்கும் முன்பே, நம்ம மண்ணில், கல்லைத் தரம் பார்த்த கை இசைக்கு எழுத்து அமைத்திருக்கிறதுங்க!

நொய்யல் கரைக் கொடுமணலுக்குப் போங்க. சங்க நூலான பதிற்றுப்பத்தில் பாடப்பட்ட ஊர்; அந்தக் காலத்தில் கல்மணி செய்த இடம். அங்கே அகழாய்வில் கிடைத்த, வேலை முடியாத மணி ஒன்றை ஆயுள் முழுக்கக் கல் வியாபாரம் பார்த்தவர் கையில் கொடுத்துப் பாருங்க. துளை எங்கே விலகியது, எதனால் ஒதுக்கினார்கள் என்று அவர் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். நம் கோயில் கல்வெட்டுகளில் பாதிக்குமேல் கொடை, நிலம், வரி, காசுதானே? விளக்கெரிக்கக் கொடுத்த பொன்னை முதலாக வைத்து எண்ணெய்ச் செலவை எப்படி ஓட்டினார்கள் என்பது வட்டிக்கணக்குப் போட்டவருக்குச் சட்டென்று பிடிபடும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். தமிழி, வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறைகளை எல்லாம் 'அ'விலிருந்து கற்க வேண்டும். பேரன் வயதுள்ள ஆய்வு மாணவர் முன் நோட்டோடு உட்கார வேண்டும். கையில் காசு இருக்கிறதென்று குலப்பெருமையை அச்சடித்து வெளியிடுவது ஆராய்ச்சி ஆகாதுங்க.

"அப்போ மில்லை யார் பார்ப்பது?" என்றார் நண்பர். மகன் பார்க்கட்டுமே! தினமும் எட்டு மணிக்கு அப்பா மில் கேட்டில் நின்றால், மகன் எந்த முடிவைத் துணிந்து எடுப்பான்? அப்பாவைக் கோயில் சுவரோரம் அனுப்புங்க. தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்க, நடுவர் அவர்களே.