சார்ஜ் ஏறுகிறது, கார் திரை மட்டும் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

போனை காரில் இணைத்து வழி பார்த்துக்கொண்டே போகிறோம். ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்குகிறது, வரைபடம் மறைந்துவிடுகிறது. திரை போய்விட்டது என்று பயந்து பலர் சர்வீஸ் சென்டருக்கு வண்டியை விடுகிறார்கள். அதற்கு முன் கேபிளைப் பாருங்கள். இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

போனின் வரைபடத்தையும் பாட்டையும் கார் திரையில் காட்டும் வசதிகள்தான் ஆப்பிள் கார்பிளே, கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ. இரண்டுமே 2014இல் அறிவிக்கப்பட்டவை. இரண்டிலும் மூளை போன்தான். வழி கணிப்பதும், பாட்டை எடுத்துத் தருவதும், நாம் பேசுவதைப் புரிந்துகொள்வதும் அதன் வேலை. அது தயாரிக்கும் காட்சி வீடியோவாக கார் திரைக்குப் போகிறது. திரையில் விரல் பட்ட இடம் போனுக்குத் திரும்பி வருகிறது. இந்தப் போக்குவரத்து நிற்கவே கூடாது. சார்ஜ் அரை நொடி விட்டு ஏறினால் நமக்குத் தெரியாது, தகவல் விட்டால் இணைப்பே அறுந்துவிடும்.

சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள். மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. சில மலிவான கேபிள்களில் தகவல் கம்பிகளே கிடையாது. அதனால் 'சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது' என்பது சரியான சோதனை ஆகாது. அதே கேபிளில் போனை ஒரு கணினியோடு இணையுங்கள், ஆண்ட்ராய்டு போனென்றால் 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனில் உள்ள படங்கள் கணினியில் தெரிந்தால் தகவல் கம்பிகள் இருக்கின்றன. பிறகு பிளக்கின் கழுத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள், அங்கேதான் கம்பி முதலில் நையும். கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். இடையில் நீட்டிப்பு கேபிளோ, பல துளை இணைப்பியோ வேண்டாம்.

காரில் இரண்டு மூன்று யுஎஸ்பி துளைகள் இருந்தாலும், பல வண்டிகளில் ஒன்றுதான் திரையோடு பேசும், மற்றவை சார்ஜுக்கு மட்டும். எது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். போனின் துளையையும் கவனியுங்கள். சட்டைப் பையின் பஞ்சு உள்ளே அமுங்கி, பிளக் முழுதாக உட்காராமல் ஆடும். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் பொறுமையாக எடுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம், உள்ளிருக்கும் மெல்லிய தகடுகளைக் கெடுத்துவிடும்.

இதற்குப் பிறகும் வரவில்லையா? பழைய இணைப்பை இரண்டு பக்கமும் அழியுங்கள். காரின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து போனை நீக்குங்கள், போனின் செட்டிங்ஸில் காரை நீக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மறுபக்கம் பழைய இணைப்பின் விவரத்தை வைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்றிருக்கும்போதே, போனின் பூட்டைத் திறந்து புதிதாக இணையுங்கள். ஐபோனில் சிரி என்ற குரல் உதவியாளர் அணைக்கப்பட்டிருந்தால் கார்பிளே வராது. இது பலருக்குத் தெரிவதில்லை.

கேபிள் இல்லாத இணைப்பில் ப்ளூடூத் அறிமுகம் செய்து வைக்கிறது, காட்சி வைஃபையில் போகிறது. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய போன், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடு இருந்தால் பொதுவாகப் போதும், காரும் அதற்கு இடம் தர வேண்டும். இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி போனில் ஓடிக்கொண்டிருந்தால் இணைப்பு தடுமாறலாம், அணைத்துப் பாருங்கள். இந்த முறையில் போன் நிறையவே சூடாகும். ஐபோன் இயங்க 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழல்தான் ஏற்றது என்கிறது ஆப்பிள். நம் சித்திரை வெயிலில் நின்ற காருக்குள் அதைவிட எவ்வளவு கூடுதல் என்பது உங்களுக்கே தெரியும். வயர்லெஸ் சார்ஜர் தட்டின் சூடும் சேர்ந்துகொண்டால் சார்ஜ் ஏறுவது நின்றுவிடலாம். நீண்ட பயணத்துக்கு கேபிள்தான் என் தேர்வு.

வண்டியை விற்கும்போதும், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் உங்கள் தொடர்பு எண்களும் அழைப்புப் பட்டியலும் அதன் ஸ்டீரியோவில் தங்கியிருக்கக்கூடும். வாடகைக் காரென்றால் பட்டியலிலிருந்து உங்கள் போனை நீக்குங்கள். சொந்தக் காரென்றால் ஸ்டீரியோவைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். வணக்கம்.