எல்லைக்கல்லைப் பிடுங்க முடியாது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வளரும் பொருளாதாரத்தில் நீண்ட கால முதலீட்டுக்கு ஏற்றது நிலமா, பங்குச் சந்தையா? நான் நிலத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா சற்று முன் ஒன்று சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். "மனை வாங்கிப் போட்டவர் முதலீட்டாளர் இல்லை, முள்ளுக்காட்டுக்குக் காவல்காரர். நடுராத்திரி ஆஸ்பத்திரியில் பணம் கேட்டால் எல்லைக்கல்லைப் பிடுங்கிக் கொடுப்பாரா?" என்றார். ஐயா, அந்த எல்லைக்கல்லைப் பற்றியே பேசுவோம்.

எங்கள் அத்தை 1994-ல் நாலு பவுன் வளையலை விற்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிரவுண்டு வாங்கினார். 2400 சதுர அடி. அன்றைக்கு அங்கே என்ன இருந்தது? முள். சீமைக் கருவேல முள். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டி, ஒரு டப்பா சுண்ணாம்பும் அரிவாளும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் எங்களையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். முள்ளை வெட்டி, நாலு கல்லையும் தேடிப் பிடித்து, நாலுக்கும் வெள்ளை அடிப்பார். அப்பா கேட்பார், "ஏம்மா, கல்லுக்கெல்லாமா பொங்கல்?" அத்தை விடமாட்டார். "நாம மறந்தா பக்கத்து மனைக்காரன் நகர்த்திடுவான்ணே!"

முதல் வருஷம் போனோம், முள். அடுத்த வருஷம் போனோம், முள், கூடவே ஒரு பாம்புச் சட்டை. 1996-ல் கொரியாவின் ஹூண்டாய் கார் கம்பெனி அங்கே ஆலை கட்ட வந்தது. அடுத்த பொங்கலுக்குப் போனால் மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை! அத்தை டீயைக்கூடத் தொடவில்லை. "தினம் எத்தனை பேர்ப்பா வர்றாங்க?" என்று கடைக்காரரிடம் விசாரணை. 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அந்தத் தடவை டீக்கடைக்குப் பக்கத்தில் மெஸ், மெஸ்ஸுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை, அதற்கும் பக்கத்தில் "ரூம் வாடகைக்கு" என்று கரியால் எழுதிய அட்டை. அத்தை அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுண்ணாம்பு டப்பா எங்கள் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

ஐயா, ஆலைக்கு இயந்திரத்தைக் கப்பலில் இறக்கலாம். மூலதனம் கொரியாவிலிருந்து வரலாம். ஆனால் அங்கே வேலை செய்கிறவர் படுத்து எழ அந்த ஊர் மண்தான் வேண்டும். அதை எந்த ஆலையிலும் செய்து தர முடியாது. விலை அதனால்தான் ஏறுகிறது.

சரி, நடுராத்திரிக்கு வருவோம். எல்லைக்கல்லைப் பிடுங்க முடியாது. முடியாது என்பதுதான் அதன் பலம்! 2008 ஜனவரியில் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்ணான சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. அதே வருஷம் அக்டோபரில் 8,000-க்கும் கீழே இறங்கியது. பிறகு ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் விழுந்த அன்றைக்குப் பயந்து விற்றவருக்கு அந்த ஏற்றத்தில் என்ன கிடைத்தது? ஒரு நொடியில் விற்க முடிகிற பொருளை மனிதன் பயத்தில் விற்றுவிடுவான். நிலத்தை விற்க ஆள் பார்க்க வேண்டும், தாய்ப்பத்திரத்தைத் தேட வேண்டும், சொத்தின் மேல் கடன், வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வில்லங்கம் போட வேண்டும், சார்பதிவாளர் ஆபீசில் டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். அதற்குள் பயம் தெளிந்துவிடும்! ஆஸ்பத்திரிக்குக் காப்பீடு எடுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கமும் வையுங்கள். நாம் பேச வந்தது நீண்ட கால முதலீடு ஐயா, நடுராத்திரி முதலீடு இல்லை!

அங்கீகாரமில்லாத மனையைப் பற்றி எதிரணி அம்மையார் எச்சரித்தார். நியாயம். 2016-ல் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது பலர் தவித்துப்போனார்கள். டி.டி.சி.பி. என்கிற நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், முப்பது வருஷ வில்லங்கம், எல்லாம் பார்த்து வாங்குங்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று. அத்தை எதற்காக வளையலை விற்றார்? 1989-ல் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு, 2005-ல் மத்தியச் சட்டம் மாறும் வரை, அந்தப் பங்கு இல்லை. அத்தைக்கு 1985-ல் கல்யாணம். பிறந்த வீட்டில் ஒரு பிடி மண் கிடையாது. புகுந்த வீட்டில் எல்லாம் மாமனார் பெயரில்.

அத்தையின் கணவர், எங்கள் மாமா, இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறது. கொழுந்தன் வீட்டில் மூணு மாசம், அண்ணன் வீட்டில் மூணு மாசம் என்று ஒரு பெரியவர் கணக்குப் போடுகிறார். அத்தை உள்ளே போனார். மஞ்சள் பையோடு வந்தார். பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து எல்லார் முன்னாலும் வைத்தார். "என்னை யாரும் பங்கு போட வேணாம். எனக்கு இடம் இருக்கு" என்றார்.

அந்தக் கிரவுண்டில் வீடு கட்டி, பாதியை வாடகைக்கு விட்டு, மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்.

இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்களைக் கேட்கிறேன், உங்கள் பெயரில் பட்டா இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்காதவர்களே, 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பத்து லட்சம் வரையிலான சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதைப் பற்றிப் பேசுங்கள். நடுவர் அவர்களே, எத்தனை கை எழுந்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.