அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டர்பன் தமிழ் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகளைப் பெரிதும் காப்பது மதிலும் காவலுமா, கவனிக்கும் மனிதர்களா என்பது தலைப்பு. நான் மனிதர்கள் பக்கம். எனக்கு முன்னால் பேசிய தம்பி கேமரா, கைரேகைக் கதவு, மின்வேலி என்று அடுக்கிக்கொண்டே போனார். அடுக்காமல் என்ன செய்வார்? அலாரம் கம்பெனி வைத்திருக்கிறார். நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு அலாரமே அவர் மாட்டியதுதான். பூனை நடந்தால் அலறும். போன மாதம் எவனோ வந்து தோட்டத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டு போனபோது வாயே திறக்கவில்லை. சரி, அந்தக் கணக்கை நாங்கள் தனியாகப் பேசிக்கொள்கிறோம்.

மதிலை இடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. திருட்டுப் பயம் உள்ள இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு என்ன, பைத்தியமா? ஆனால் மதில் பிள்ளையோடு கூட நடந்து வராது. 2019 ஆகஸ்டில் கேப் டவுன் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி பார்சல் வாங்க அஞ்சலகத்துக்குப் போனாள். இருட்டுச் சந்து இல்லை, நடு இரவு இல்லை. பட்டப்பகல், அரசாங்க அலுவலகம். அங்கே வேலை பார்த்தவனே அவளைக் கொன்றான். நாடே தெருவுக்கு வந்தது. எந்த வேலியை எவ்வளவு உயர்த்தியிருந்தால் அந்தப் பெண் திரும்பி வந்திருப்பாள்?

இப்போது மதிலுக்கு உள்ளே வருகிறேன். அது எனக்குத் தெரிந்த இடம். பெண்கள் தங்கும் ஒரு ரெஸ்ஸில், அதாவது மாணவர் விடுதியில், பல வருடம் இரவுப் பொறுப்பில் இருந்தேன். எந்த ரெஸ் என்று கேட்காதீர்கள். அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று கம்ப்யூட்டரில் வரிசையாக இருக்கும். ஒரு வருடம், முதல் பருவத்தில், ஒரு பெண் மூன்று நாளாக வெளியே போகவில்லை. கம்ப்யூட்டர் என்ன சொல்லும்? உள்ளே இருக்கிறாள், பத்திரம் என்று சொல்லும். நானும் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கண்டுபிடித்தது கோகோ. எங்கள் தளத்தைத் துடைக்க வரும் ஜூலுப் பாட்டி. பொதுச் சமையலறையில் அந்தப் பெண்ணின் சிவப்புச் சட்டி மூன்று நாளாகக் காய்ந்து கிடக்கிறதே என்று அவருக்குத்தான் தோன்றியது. போய்க் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவள் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு படுத்திருந்தாள். உதவித்தொகை வந்து சேரவில்லை. வீட்டுக்குச் சொன்னால் அப்பா கடன் வாங்குவார் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அன்று மட்டும் கோகோ லீவு போட்டிருந்தால்? நான் நான்காவது கையெழுத்தும் போட்டிருப்பேன்.

எதிரணி அக்கா ஒரு பழமொழி சொன்னார்: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், உதவி இருக்கிறது, கேட்பது மாணவர் பொறுப்பு என்று. அக்கா, அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது? நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த ரகம்தானே. பாட்டி போனில் "சாப்பிட்டியாம்மா" என்றால் "ம்" என்று வரும். அந்த "ம்"முக்குள் என்ன இருக்கிறது என்று நாம் தோண்டுவதில்லை. அடுத்த கேள்வி மார்க்குக்குப் போய்விடுகிறது.

பணக் கஷ்டமும் மனக் கஷ்டமும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். என்ஸ்ஃபாஸ் என்ற அரசாங்க மாணவர் உதவித்தொகை வேண்டுமென்றால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருக்கவேண்டும். அப்பா வாத்தியார், அம்மா கடையில் கல்லா, இரண்டு பிள்ளைகள் கல்லூரியில். கொஞ்சம் தாண்டிவிடும். ஏழை என்று உதவியும் கிடைக்காது, கட்டணம் கட்ட வசதியும் கிடையாது. நம் ஆட்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் இப்படி எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும். வெளியே கௌரவமான குடும்பம், ஆகவே பிள்ளை வாய் திறக்காது.

அப்புறம் இன்னொன்று. சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பைத் தூண்டிவிடுவோமோ என்று நம்மில் பலருக்குப் பயம். தூண்டாது. உலக சுகாதார நிறுவனமே அதைத் தவறான நம்பிக்கை என்று சொல்கிறது. கேட்டால் அந்தப் பிள்ளைக்குப் பேச ஒரு வழி கிடைக்கும். ஆனால் கேட்க ஒரு வாய் வேண்டும். கேமராவுக்குக் கண் உண்டு தம்பி, வாய் இல்லை.

என் மாமா சாலிஸ்பரி தீவில் படித்தவர். 1961இல் நிறவெறி அரசாங்கம் இந்தியர்களுக்கென்று தனியாகக் கல்லூரி வைத்ததே, டர்பன் துறைமுகத்துக்குள், அதுதான். சுற்றிலும் தண்ணீர், படகில் ஏறிப் போவார்கள். அதைவிடப் பெரிய அகழி எந்தக் கல்லூரிக்கு இருந்தது? அதைப் பாதுகாப்பு என்று மாமா ஒரு நாளும் சொன்னதில்லை. பிரித்து வைத்தார்கள் என்றுதான் சொல்வார். தெம்பு கொடுத்தது படகில் கூட வந்த பையன்கள்தானாம்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நம் கோயில்களில் பந்தி பந்தியாகச் சாப்பாடு போடுகிறோம். மீந்ததை டப்பாவில் கட்டி வீட்டுக்கும் கொண்டுபோகிறோம். புரட்டாசி முடிந்த கையோடு பிள்ளைகளுக்கு வருடக் கடைசிப் பரீட்சை. ரெஸ்ஸில் இருக்கும் பிள்ளை தானாக வந்து நம் பந்தியில் உட்காராது. கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வர யார் வருகிறீர்கள்? தம்பி, உங்களிடம் வேன் இருக்கிறது. உங்கள் பெயரை முதலில் எழுதிக்கொள்கிறேன்.