பழைய வண்டிக்குப் பின்னால் ஒரு கொளுக்கி

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கோடை பிறந்தால் ஸ்காபரோவில் வீட்டு முன்றல்களில் ஒரு கேள்வி எழும்: "அண்ணை, என்ரை பழைய எஸ்.யு.வி.க்கு ஹிச் பூட்டலாமோ?" தோட்டத்துக்கு மண் ஏற்றவும் வீடு மாறவும் ஒரு சின்ன ட்ரெய்லர் இருந்தால் வசதிதான். நான் கராஜ் வைத்திருப்பவன் இல்லை. தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறேன். என் வண்டிக்கு நானே பூட்டினேன் என்பதால் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வண்டி 2005ஆம் ஆண்டு ஹொண்டா சி.ஆர்-வி. ஹிச் என்பது ட்ரெய்லரைக் கொளுவி இழுக்க, பின் பம்பருக்கு அடியில் குறுக்காகப் பூட்டும் இரும்புச் சட்டம். அதன் நடுவில் உள்ள சதுரக் குழலுக்குள் பந்து பொருத்திய தண்டைச் செருகி ஆணியைப் போட்டால் சரி. புது வண்டியில் இது ஒன்றிரண்டு மணித்தியால வேலை. எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. மிச்ச நேரத்தையெல்லாம் தின்றது கறள், அதாவது துரு.

ஒன்ராறியோ வீதிகளில் பனிக்காலம் முழுக்க உப்புத்தானே? அந்த உப்புச் சேறு வண்டியின் அடிச்சட்டத்துக்குள் போய்க் குந்திவிடும். ஹிச் போல்ற் ஏற வேண்டிய நட் அதற்குள்தான் பற்றவைத்திருக்கிறது. அவசரப்பட்டு இம்பக்ட் கன் என்ற, அடித்து முறுக்கும் கருவியால் முறுக்கினால் ஒன்றில் போல்ற் முறியும், இல்லையென்றால் நட் பிடிவிட்டு உள்ளேயே சுற்றும். பிறகு சட்டத்தை வெட்டித் திறக்க வேண்டியதுதான்.

அதனால் முதலில் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். சுத்தியலால் மெதுவாகத் தட்ட "டங்" என்று கேட்டால் இரும்பு உயிரோடு இருக்கிறது. சத்தம் மங்கி, தகடு தகடாக உதிர்ந்தால் அந்த வண்டிக்கு ஹிச் வேண்டாம். என் வண்டி "டங்" என்றது. முதல் நாள் இரவே நட்டுகளுக்குக் கறள் இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டேன். காலையில் கம்பித் தூரிகையை உள்ளே விட்டுத் தேய்த்தபோது சிவப்புப் பொடி மூக்கு முழுக்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கீழே படுக்காதீர்கள். பிறகு மரை வெட்டும் டாப்பைக் கையால் ஏற்றினேன்: அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி அரைச் சுற்று. இறுகுவதைக் கை சொல்லும், அதற்கு மேல் போகக்கூடாது. ஒரேயொரு ஓட்டைக்கு நாற்பது நிமிடம். தேத்தண்ணியோடு வந்த மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் அதே ஓட்டையோ?" என்று கேட்டான்.

மற்றதெல்லாம் சுகம். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களைச் சோப்புத் தண்ணீர் தடவிக் கழற்றினால் இடம் கிடைக்கும். ஹிச்சை ஜாக்கில் ஏற்றிப் பிடித்து, எல்லாப் போல்ற்றையும் கையால் பூட்டி, ஹிச்சோடு வரும் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

எவ்வளவு இழுக்கலாம்? என் ஹிச்சில் 3,500 இறாத்தல் என்று ஒட்டியிருந்தது. அது அந்த இரும்பின் பலம். வண்டியின் கையேடு சொல்வது 1,500 இறாத்தல், அதாவது 680 கிலோ. இரண்டில் சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ட்ரெய்லரின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம்.

ஊரில் மாட்டு வண்டி ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். ட்ரெய்லருக்கும் அதே கணக்குத்தான். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு ஹிச் பந்தின்மேல் அமர வேண்டும். அது குறைந்து பின்பாரம் கூடினால் 401 நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் பாம்புபோல் ஆடத் தொடங்கும். அப்போது சட்டென்று பிரேக்கை மிதிக்காமல், அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் ட்ரெய்லரின் முன்தண்டுக்குக் கீழே குறுக்காகப் போட வேண்டும். பந்தைவிட்டுக் கழன்றாலும் முன்தண்டு அந்தச் சங்கிலியில் விழும், வீதியில் குத்தாது.

லைற் வயர் நான்கு: வெள்ளை எர்த் (மின்சாரம் வண்டியின் இரும்புக்குத் திரும்பும் வழி), பழுப்புப் பின்விளக்கு, மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது. ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் லைற் வேறு, சிக்னல் லைற் வேறு. இங்கத்தைய சின்ன ட்ரெய்லர்களில் இரண்டும் ஒரே பல்ப். நடுவில் கன்வேர்ட்டர் என்ற சின்னப் பெட்டி போடாவிட்டால் சரிவராது. நான் போட்டும், இடது சிக்னல் போட்டால் பின்விளக்கு இரண்டும் சேர்ந்து மினுங்கின. ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது, வெள்ளை வயரைப் பெயின்ற்றின்மேல் பூட்டியிருக்கிறேன். பெயின்ற்றைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் பூட்டியதும் அடங்கிவிட்டது.

அடுத்த நாள் பத்து மூட்டை மண் ஏற்றி வந்தேன். மூட்டைகளை இறக்கியதும், உடுப்பு மாற்றாமல் மறுபடி கீழே படுத்து ரென்ச்சை வைத்துப் பார்த்தேன். ஒரு போல்ற் கால் சுற்று ஏறியது. நாற்பது நிமிடம் எடுத்த அதே ஓட்டை.

நன்றி, வணக்கம்.