ஃப்ரீசருக்குள் வைப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃப்ரீசரின் அடியில் கிடக்கும் ஒரு பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. மேலே வெள்ளைப் பொருக்கு. உள்ளே இருப்பது இறைச்சியா, காயா, என்றைக்கு வைத்தது என்று வைத்தவருக்கே தெரியவில்லை. கடைசியில் அது குப்பைக்குத்தான் போகும். நல்ல உணவு இப்படிப் பாழாவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. பெரும்பாலும் கோளாறு ஃப்ரீசரில் இருக்காது, நாம் வைத்த விதத்தில்தான் இருக்கும்.

உணவில் பெரும்பங்கு தண்ணீர். அது மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல்களைக் கிழித்துவிடும். வேகமாக உறைந்தால் பொடிப்பொடியாகவே நின்றுவிடும். உருக வைத்த மீனிலிருந்து தட்டு நிறையத் தண்ணீர் இறங்கி, துண்டு தொளதொளவென்று ஆகிறதே, மெதுவாக உறைந்ததன் விளைவு அது. 1910களில், இன்றைய கனடாவில் உள்ள லாப்ரடார் என்ற குளிர்ப் பகுதியில் வாழ்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், அங்குள்ள இனுயிட் பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் சட்டென்று உறைவதையும், பிறகு சமைக்கும்போது புதுமீன் போலவே ருசிப்பதையும் கவனித்தார். வேக உறைவிப்புத் தொழிலே அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்ததுதான்.

சரி, வீட்டு ஃப்ரீசரில் அந்த வேகம் எப்படி வரும்? தட்டையாக வையுங்கள். நான் செய்வது இதுதான்: ஜிப் பையில் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் போட்டு, உள்ளங்கையால் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்புவேன். பையின் அடியிலிருந்து வாய்ப்பக்கமாகத் தடவித் தடவிக் காற்றை வெளியே தள்ளிவிட்டு மூடுவேன். தட்டில் படுக்க வைத்து உறைந்த பிறகு, புத்தகம் அடுக்குவதுபோல நிறுத்தி வைக்கலாம். இடமும் மிச்சம், உருகுவதும் சுலபம்.

காற்றை வெளியேற்றுவதில் மட்டும் சோம்பல் வேண்டாம். பனி உருகாமலே ஆவியாகும். காற்று பட்ட இடத்தில் ஈரம் போய், இறைச்சி சாம்பல் நிறத்தில் காய்ந்துவிடும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் சக்கை மாதிரி இருக்கும். திரவமாக இருந்தால் டப்பாவை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், கண்ணாடி என்றால் விரிசல்தான்.

காய்கறி விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். பீன்ஸை நறுக்கி அப்படியே வைத்தேன். சில மாதம் கழித்து எடுத்தால் நிறம் மங்கி, வைக்கோல் வாசம். காயில் உள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பீன்ஸைக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, ஈரம் போகத் துடைத்து வைத்தால் பச்சை மாறாது. பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம் போதும். வெள்ளரிக்காய், சாலட் கீரை இரண்டையும் விட்டுவிடுங்கள். உறைந்து உருகிய பிறகு பச்சையாகக் கடித்துச் சாப்பிட உதவாது.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அந்தக் குளிர் கிருமிகளைத் தூங்க வைக்கும், கொன்றுவிடாது. சமைத்ததை அகலத் தட்டில் ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். உருக வைப்பதும் மேடையில் வேண்டாம். நடுவில் ஐஸாக இருக்கும்போதே மேற்புறம் கிருமி பெருகும் சூட்டுக்கு வந்துவிடும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு பாத்திரத்துக்குள் வைத்துவிடுங்கள். அப்புறம், பையில் பெயரும் தேதியும் எழுதாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். கொழுப்பு மிகுந்த மீன் இரண்டு மூன்று மாதத்திலேயே ருசி கெடும், முழுக்கோழி ஒரு வருடம் கூடத் தாங்கும்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வெளியூர் போகிறவர்கள் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் ஐஸ் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் இறைச்சியையும் மீனையும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

வணக்கம்.