பென்சிலில் நம் நிறம்

(வேலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓவியப் பயிலரங்கில் பிற்பகல் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இந்த வெயிலில் காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், பரீட்சை அட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருக்கும் பெற்றோருக்கும் என் அன்பு.

காலையில் நீங்கள் உங்களையே பார்த்து வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தேன். கண்கள் நன்றாக வந்திருக்கின்றன. மூக்குத்தி, சட்டைக் காலர், ஜடையில் வைத்த பூ, எதையும் விடவில்லை. முடியை 6பி பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கியிருக்கிறீர்கள். முகம் மட்டும் ஏறக்குறைய எல்லாப் படத்திலும் வெறும் தாளாக இருக்கிறது. மூக்கோரம் கொஞ்சம், தாடைக்குக் கீழே கொஞ்சம் ஷேடு கொடுத்து நிறுத்திவிட்டீர்கள். ஒரு பையன் நெற்றியில் விபூதி வைத்திருக்கிறான். அதைப் பென்சில் கோட்டால் வரைந்திருக்கிறான். முகம் வெள்ளை, விபூதி கறுப்பு! தம்பி, உன்னைக் குறை சொல்லவில்லை. நான் பேச வந்த விஷயமே அந்த நெற்றியில்தான் இருக்கிறது.

நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவின் கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என்னை வரைந்தேன். நான் நல்ல கறுப்பு. அதனால் கன்னம், நெற்றி முழுக்கப் பென்சிலை ஓட்டினேன். வகுப்பில் வாத்தியார் பார்த்தார். "எதுக்குடா மூஞ்சில கரியப் பூசி வச்சிருக்க? அழி" என்றார். அழித்தேன். தேய்த்த இடமெல்லாம் தாள் பஞ்சாக எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷம் நான் என்னை வரையவில்லை. அடுத்தவர்களை வரைந்தபோதும் வெளுக்கத்தான் வரைந்தேன். இன்றும் கிரேயான் டப்பாவில் ஒரு வெளிறிய ரோஜா நிறத்தைப் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்கிறார்கள். யாருடைய ஸ்கின்?

சரி, வேலைக்கு வருவோம். செல்போனில் செல்ஃபி எடுத்து அதைப் பார்த்து வரையாதீர்கள். கிட்டத்தில் எடுப்பதால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். பல போன்கள் கேட்காமலே முகத்தை வெளுக்க வைக்கும். ஜன்னலோரம் கண்ணாடியை வையுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். ஒரு வெள்ளைத் தாளைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தாள் எவ்வளவு வெள்ளை, கன்னம் எவ்வளவு அடர்த்தி என்று அப்போது தெரியும். கண்ணின் வெள்ளைகூட அந்தத் தாளுக்கு முன்னால் சாம்பல்தான்.

இப்போது 2பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, முகம் முழுக்க உங்கள் நிறத்துக்குத் தக்க ஒரு நடுத்தர ஷேடைப் போடுங்கள். பயப்படாதீர்கள். அதன்மேல் நிழலுக்கு 4பி, 6பி. வெளிச்சத்துக்கு ரப்பர். தம்பி, அந்த விபூதியை நீ வரையவே வேண்டாம். ரப்பரின் கூரான முனையால் மூன்று இழுப்பு இழுத்தால் போதும், அதுவே பளிச்சென்று நிற்கும்.

கறுத்த தோலை வரைவதில் ஒரு பெரிய சந்தோஷம் இருக்கிறது. வெளுத்த தோல் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைச் சிதறடித்துவிடும், பளபளப்பு அதற்குள் கரைந்துபோகும். நம் தோல் ஒளியை அதிகம் உறிஞ்சிக்கொள்வதால், மேலே பட்டுத் திரும்பும் மினுக்கம் தனியாகத் தெறித்து நிற்கும். சித்திரை மாத வேலூரில் வேர்த்துப்போன நெற்றியைக் கண்ணாடியில் பாருங்கள். புருவத்துக்கு மேலே ஒரு துண்டு, மூக்கு நுனியில் ஒரு பொட்டு, கீழுதட்டில் ஒரு கீற்று. இந்த மூன்று இடத்தில் தாளின் வெள்ளையை ரப்பரால் மீட்டால் முகம் எழுந்து வந்துவிடும்.

ஷேடிங் முறைகளை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறோம். விஷ்ணுதர்மோத்தரம் என்ற வடமொழி நூலின் சித்திரசூத்திரப் பகுதி, 'வர்த்தனை', அதாவது ஷேடு கொடுப்பது, மூன்று வகை என்கிறது. பத்ரஜம், இலை நரம்புபோல் கோடுகளால் ஆவது. பிந்துஜம், புள்ளிகளால் ஆவது. ஐரிகம், மிக நுண்ணிய கோடு என்று சிலர், மென்மையாகத் தேய்ப்பது என்று சிலர் பொருள் சொல்கிறார்கள். நீங்கள் ஹேட்ச்சிங், ஸ்டிப்ளிங் என்று படிப்பது இதற்குச் சொந்தக்காரப் பிள்ளைதான்.

இதில் எனக்குப் பிடித்தது கோடு. கோட்டுக்குத் திசை உண்டு. கன்னத்தில் அது வளைய வேண்டும், மூக்குத்தண்டில் சரிய வேண்டும், கழுத்தில் சுற்றிப் போக வேண்டும். கையால் முகத்தைத் தடவினால் விரல் எப்படிப் போகுமோ அப்படி. நிழல் போதவில்லையென்றால் அழுத்தாதீர்கள், குறுக்கே இன்னொரு அடுக்கு போடுங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630-ல், இருபத்து நான்கு வயதுவாக்கில், கண்ணாடி முன் முழித்தும் வாய் பிளந்தும் தன் முகத்தையே சின்னச் சின்னச் செம்புத் தகடுகளில் கீறி, மை தடவி அச்செடுத்துப் பார்த்தார். மைக் கோடுகளைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

புள்ளி வைப்பதற்குப் பேனாவும் பொறுமையும் வேண்டும். அம்மைத் தழும்பு, முளைக்கத் தொடங்கிய மீசை, இதற்கெல்லாம் அதைவிட நல்ல வழி இல்லை. விரலால் தேய்ப்பது மட்டும் வேண்டாம். விரலில் உள்ள எண்ணெய் தாளில் ஏறி, அந்த இடம் திட்டுத் திட்டாகப் பளபளக்கும், ரப்பருக்கும் போகாது. காகிதத்தைச் சுருட்டித் தேயுங்கள், அதுவும் கொஞ்சமாக.

பேனாவில் போட்டால் அழிக்க முடியாதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியின் ஓவியர் ட்யூரர் 1484-ல், பதின்மூன்று வயதில், கண்ணாடியைப் பார்த்து வெள்ளிமுனையால், அதாவது கூரான வெள்ளிக் கம்பியால், தன்னை வரைந்தார். வெள்ளிக் கோட்டை லேசில் அழிக்க முடியாது. அந்தப் படம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. இங்கே பதின்மூன்று வயதில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

வீட்டுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு தூணின் முன்னால் நில்லுங்கள். யாளி, குதிரை, வீரன், எல்லாம் ஒரே கல். பல்லுக்கென்று வெள்ளைக் கல்லா பதித்தார்கள்? சிற்பி பள்ளத்தை வெட்டினான், அந்தப் பள்ளத்தில் நிழல் தங்கியது, பல் தெரிகிறது. ஒரே நிறத்துக்குள் இத்தனை ஏற்ற இறக்கம் உண்டு என்பதை எனக்கு அந்தத் தூண்தான் சொல்லிக்கொடுத்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு என்னை நான் மறுபடி வரைந்தது அங்கிருந்து திரும்பி வந்த ஒரு சாயங்காலத்தில்தான்.

மேற்கு ஜன்னலோரம் கண்ணாடிகளை வரிசையாக வைத்திருக்கிறோம். வெயில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். காலையில் வரைந்ததை அழிக்க வேண்டாம், புதுத் தாள் எடுங்கள். டியூப்லைட்டை யாராவது அணையுங்கப்பா.